மணவூர் தணிகாசலமும் கண்டிகை தணிகாசலமும்

மாலை நான்கு மணிச் செய்தி. ஆரம்ப இசை முடிந்து கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம் சொல்ல வாயைத் திறக்கிறேன், காதுக்குள் குரல்.

"செல்வி, முதல் செய்தியை விடுங்க. விபத்துக்குப் போறோம். நிருபர் லைன்ல இருக்காரு. படம் இன்னும் வரலை. பேசிக்கிட்டே இருங்க."

எதிரே எழுத்து ஓட வேண்டிய திரையில் ஓர் எழுத்தும் இல்லை. மேஜைக்கு மேலே கோட்டும் பவுடருமாக நான். மேஜைக்குக் கீழே ரப்பர் செருப்பு. அந்தச் செருப்புக்குள் கால்விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டேன். எழுதி வைத்தது எதுவும் இல்லாதபோது நான் செய்கிற காரியம் அது.

வேன் ஒன்று கவிழ்ந்து ஐந்து பேர் இறந்துபோயிருந்தார்கள். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வருகிற வளைவு அது. எங்கள் திருத்தணியிலிருந்து அரை மணி நேரப் பயணம். சின்ன வயதில் எத்தனையோ முறை போன சாலை.

நிருபரின் குரல் விட்டுவிட்டு வந்தது. "இறந்தவங்கள்ல ஒருத்தர் பேரு தணிகாசலம். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். திருத்தணி பக்கம்னு சொல்றாங்க, ஊர் உறுதியாகலை. வேன்ல மணவூர்க்காரங்களும் இருந்ததா..."

அதோடு இணைப்பு அறுந்துபோனது.

நேரலையில் மௌனம் பயங்கரமானது. மூன்று நொடி பேசாமல் இருந்தால் முப்பது நிமிடம் மாதிரி இருக்கும். காதுக்குள் "பேசுங்க, பேசுங்க" என்கிறார்கள். எனக்கு ஒரு தணிகாசலத்தைத் தெரியும். மணவூர்க்காரர். வயதும் ஏறக்குறைய அதுதான். மனதுக்குள் அவர் முகம் வந்துவிட்டது.  அந்த முகத்தைப் பார்த்தபடியே பேசினேன்.

"மணவூர் ரயில் நிலையத்தை ஒட்டித் தேநீர்க்கடை நடத்தி வந்தவர் தணிகாசலம். அந்தப் பாதையில் தினமும் பயணம் செய்பவர்கள் அவரை அறிவார்கள். ரயில் நிற்கும் ஒரு நிமிடத்துக்குள் ஜன்னல் ஜன்னலாக ஓடி டீ கொடுப்பவர். கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்குப் பாலைத் தனியாக ஆற்றிக் கொடுப்பவர். இன்று அவர் நம்மோடு இல்லை."

படித்து முடித்து வெளியே வந்தபோது செய்தி ஆசிரியர் கதவருகிலேயே நின்றிருந்தார். எளிதில் யாரையும் பாராட்டாதவர். "மனசைத் தொட்டுட்டீங்க செல்வி" என்றார்.

அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

தறிச் சத்தத்தில் வளர்ந்த குரல்

இந்தத் தொடரைப் படித்துவிட்டு அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: 'உங்கள் குரலுக்கு எங்கே பயிற்சி எடுத்தீர்கள்?'

பயிற்சியா! எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பவர்லூம் ஓடியது. காலையில் சுவிட்சைப் போட்டால் தடதடவென்று தரையே அதிரும். தண்ணீர்ச் சொம்பில் வளையம் வளையமாக அலை எழும். அந்தச் சத்தத்தில் ஒரு வாய் சோறு கேட்க வேண்டுமென்றாலும் ஒவ்வோர் எழுத்தையும் வாயை முழுசாகத் திறந்து சொல்ல வேண்டும். அப்பாவை நைனா என்போம். அவர் பேசுவதே இல்லை. புருவத்தை ஏற்றினால் ஒரு சேதி, இறக்கினால் இன்னொரு சேதி. அம்மாவுக்குக் காதைவிடக் கண் நன்றாகக் கேட்கும். கூடத்தின் அந்தக் கோடியில் நான் அக்காவிடம் முணுமுணுப்பதை இந்தக் கோடியிலிருந்தே என் உதட்டைப் பார்த்துப் படித்துவிடுவாள்.

குரல் தேர்வுக்குப் போன அன்று, நான் முதல் வாக்கியத்தைப் படித்ததும் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். "ஏம்மா, மைக் எதுக்கு? இப்படியே வாசலில் நின்னு படிச்சா சென்னை முழுக்கக் கேட்குமே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் உச்சரிப்புக்காக என்னைத்தான் எடுத்தார்கள்.

பெயரில்தான் சிக்கல் வந்தது. என் முழுப்பெயர் தணிகைச்செல்வி. திரையில் பெயர் போடுகிற பட்டைக்குள் அது அடங்கவில்லை. அதனால் 'செல்வி' ஆனேன். எங்கள் ஊரில் தணிகை என்று தொடங்காத பெயரைத் தேடுவதுதான் கஷ்டம். மலைமேல் இருக்கிறவருக்கு எல்லோரும் சொந்தம். என் வகுப்பில் மட்டும் நான்கு தணிகாசலம். வருகைப் பதிவில் அப்பா பெயரையும் சேர்த்துப் படித்தால்தான் சரியான ஆள் எழுந்து நிற்பான்.

அப்படிப்பட்ட வகுப்பில் படித்தவள் நான். தணிகாசலம் என்றால் எந்தத் தணிகாசலம் என்று முதலில் கேட்டிருக்க வேண்டியவள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் வானிலைச் செய்தியில், "கடலோர மாவட்டங்களில் மழை பெய்துகினு இருக்கிறது" என்று படித்துவிட்டேன். கட்டுப்பாட்டு அறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். எனக்கு அழுகை வந்தது. மேக்கப் போடும் சேகரண்ணா என் கண்ணுக்குக் கீழே திரும்பப் பவுடர் வைத்துக்கொண்டே, "மழை எப்படிப் பெஞ்சா என்ன, நனையறது ஒண்ணுதானே" என்றார்.

அன்று இரவு வீட்டுக்கு வந்தால், அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தறி ஓடிக்கொண்டிருக்க, டிவியில் என் உதட்டை மட்டும் பார்த்தவளுக்கு எங்கள் வீட்டுச் சொல் வந்தது தவறாகவே படவில்லை. "இன்னிக்கு ஏன் வாய சரியா தொறக்கல, பல்லு வலியா?" என்றுதான் கேட்டாள்.

மணவூரில் ஒரு நிமிடம்

முதல் நான்கு வருடம் தினமும் ரயில்தான். காலையில் திருத்தணியில் ஏறினால் பெண்கள் பெட்டியில் எனக்கென்று ஒரு ஜன்னலோரம் இருக்கும். எதிர்ப் பலகையில் அவரைக்காய் நறுக்குகிறவர், பக்கத்தில் பூக் கட்டுகிறவர், நின்றபடியே தூங்குகிற நர்ஸ். நான் அன்றைய செய்தித்தாளை விரித்து வாய்க்குள்ளேயே படித்துப் பழகுவேன். அரக்கோணம் வந்தால் கூட்டம் நெருக்கியடித்து ஏறும். அதற்கப்புறம் செய்தித்தாளை நான்காக மடித்தால்தான் கையில் பிடிக்க முடியும். ஆடிக் கிருத்திகை நாட்களில் எதிர்த்திசை ரயில்கள் காவடியும் மஞ்சள் துணியுமாக வரும். நாங்கள் நிற்கிற பெட்டிக்குள்கூடப் பன்னீர் வாசனை அடிக்கும்.

அரக்கோணம் தாண்டிச் சில நிறுத்தங்களில் மணவூர். ஒரே ஒரு நிமிடம் நிற்கும். ஊர் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம், தணிகாசலத்தின் கடை மறுபக்கம். ரயில் நுழையும்போதே கெட்டிலும் கப்புகளுமாக நடைமேடைக்கு வந்து தயாராக நிற்பார். உயரமான, ஒல்லியான மனிதர். ஓடும்போது ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது.

ஒருநாள் சிக்னல் விழாமல் ரயில் மணவூரிலேயே நின்றுவிட்டது. எல்லோருக்கும் டீ கொடுத்து முடித்துவிட்டு என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"தினமும் இன்னா பாப்பா தனியா பேசிகினு போற?"

"செய்தி படிச்சுப் பழகறேண்ணா. டிவியில சேர்ந்திருக்கேன்."

"டிவிலயா! அப்ப ஒரு தபா எனக்குப் படி."

நான் தலைப்புச் செய்தியைப் படித்தேன். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "நல்லா கீது. ஆனா யாரோ செத்த சேதிய படிச்சிட்டு, அதே வேகத்துல வெங்காய வெலைய படிக்கிறியே. கொஞ்சம் நின்னு போ பாப்பா" என்றார்.

பிறகு நான் சென்னையிலேயே விடுதி பார்த்துக்கொண்டு போய்விட்டேன். மணவூரில் நிற்காத ரயில்களில் ஊருக்கு வரத் தொடங்கினேன். அவரைப் பார்த்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும்போதுதான் அந்த நான்கு மணிச் செய்தி.

பாவாவின் போன்

என் அக்கா கணவரை நாங்கள் பாவா என்போம். அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அந்தப் பாதையில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. ஆசிரியர் பாராட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பாவா போன் செய்தார்.

"ஏம்மா செல்வி, இன்னா காரியம் பண்ணிட்ட! மணவூரு தணிகாசலம் டீ ஊத்திகினு கீறாரும்மா!"

"என்ன பாவா சொல்றீங்க?"

"நம்ம ஆளு ஒருத்தன் அங்க டியூட்டில கீறான். இப்பதான் பேசினேன். அவரு கையாலயே டீ வாங்கிக் குடிச்சிகினு பேசறான்!"

முதலில் வந்தது சந்தோஷம்தான். அவர் இருக்கிறார்! அடுத்த நொடியே, அப்படியென்றால் இறந்தது எந்தத் தணிகாசலம் என்ற கேள்வி வந்தது.

ஆசிரியரிடம் ஓடினேன். அவர் நிருபரைப் பிடிக்கச் சொன்னார். நிருபரின் போன் ஆறே முக்கால் வரை கிடைக்கவில்லை. கிடைத்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். போலீஸ் உறுதி செய்துவிட்டார்களாம். இறந்தவர் திருத்தணி பக்கத்துக் கே.ஜி.கண்டிகையைச் சேர்ந்த விவசாயி. பெயர் தணிகாசலம்.

"ஏழு மணியில சரியான ஊரைப் போட்டுப் படிச்சிடுங்க" என்றார் ஆசிரியர்.

"சார், நான் தப்பாச் சொன்னதை..."

"அதைச் சொல்லணும்னு ஒண்ணும் இல்லை. நாலு மணி செய்தியை ஏழு மணிக்கு யார் ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க? நாமே போய் நம்ம முகத்துல கரி பூசிக்கணுமா?"

எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆகியும் தலைப்புச் செய்தி கைமாறிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த காலம் அது. ஏழு மணிக்கு, "கே.ஜி.கண்டிகையைச் சேர்ந்த தணிகாசலம், வயது ஐம்பத்து நான்கு" என்று படித்தேன். மூன்று நொடியில் முடிந்துவிட்டது. அடுத்தது விளையாட்டுச் செய்தி.

ரயில் நகரும்வரை

பத்து நாள் கழித்துத்தான் விடுப்பு எடுத்தேன். முன்பே எடுத்திருக்கலாம். தைரியம் வரவில்லை. அரக்கோணத்தில் இறங்கி, பாவாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மணவூர் போனேன்.

என்னைப் பார்த்ததும் தணிகாசலம் கையிலிருந்த வடிகட்டியை அப்படியே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். முடி நரைத்திருந்தது. மற்றபடி அதே ஆள்.

"வா பாப்பா, வா! செத்தவன் கையால டீ குடிக்கிறியா?"

நான் அழுதுவிட்டேன். "மன்னிச்சிடுங்கண்ணா. நானா நினைச்சுக்கினு சொல்லிட்டேன்."

"அட, வுடு. எத்தினி பேருக்கு அவன் சாவு சேதிய அவனே கேக்கற பாக்கியம் கிடைக்குது? நல்லாவும் சொன்னியாமே."

அவர் மனைவி ராணியம்மா சிரிக்கவில்லை. கடைக்குள் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிழித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே பேசினார்.

"ஏம்மா, நான் அன்னிக்கு வூட்ல டிவி பாத்துகினு இருந்தேன். ஒன் வாயால சொன்ன. வெறுங்கால்ல ஓடியாந்தேன். வந்து பாத்தா நடுவால ரயிலு நிக்குது. கடை அந்தாண்ட. இவரு கீறாரா இல்லையான்னு தெரியல. போனும் வூட்லயே கெடக்குது. ஒரு நிமிசம் நிக்கிற வண்டிதான். அன்னிக்கு அது நவுரவே இல்லம்மா. அது நவுந்து, இந்த மனுசன் கெட்டில தூக்கிகினு நிக்கறத நான் பாக்கற வரைக்கும், செத்தது அவரு இல்ல. நானு."

 பாவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராணியம்மா மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் அப்படியே தட்டில் வைத்தார். எழுந்து போய், அடுப்பில் இருந்த பாலை எடுத்து அவரே டீ போட்டு என் கையில் கொடுத்தார். கோபம் போய்விட்டதென்று அர்த்தமில்லை. தேடி வந்தவளுக்கு டீ கொடுத்தார், அவ்வளவுதான்.

அப்போதுதான் தணிகாசலம் கேட்டார். "இங்க வந்துட்ட, சரி. கண்டிகைக்குப் போனியா?"

நான் டீயை ஒரு வாய் குடித்தேன்.

"போவலையா?"

"இல்லண்ணா."

"நான் போனேன்" என்றார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "அன்னிக்கு நீ சொன்னத கேட்டுட்டு எங்க மச்சான் வூட்டுக்காரங்க மாலையோட வந்து எறங்கிட்டாங்க. ரோஜா மாலை. அவுங்களுக்கும் டீ ஊத்திக் குடுத்தேன். மாலைய இன்னா பண்றதுன்னு யாருக்கும் தெரியல. ராத்திரி ஏழு மணிக்கு கண்டிகைக்காரருன்னு தெரிஞ்சிச்சு. காலைல மொத பஸ்ஸுக்கு அத்த எடுத்துகினு போனேன். எம்பேருக்கு வந்த மாலை. அவரும் அந்தப் பேருதான். வாடிப்போறதுக்குள்ள போட்டுட்டு வந்தேன்."

டீயை என்னால் முடிக்க முடியவில்லை.

கண்டிகையில்

கே.ஜி.கண்டிகை போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் பாவா வழி கேட்டார். வேர்க்கடலை காய்கிற களத்தைத் தாண்டி இரண்டாவது வீடு என்றார்கள். அந்தச் சாலையில் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். இறங்கியது அதுதான் முதல்முறை.

இறந்தவரின் மனைவி பெயர் பச்சையம்மா. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் படிக்கிற மகள் கவிதா என்னை அடையாளம் கண்டுகொண்டு, அம்மாவின் காதில் சொன்னாள். அவர் என்னையே பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒக்காரும்மா" என்றார்.

பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். அன்று அவர் கணவர் மாடு பார்க்க எல்லைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். எந்த வண்டியில் திரும்புவார் என்று தெரியாது. மூன்றரை மணிக்கு வேறொரு சேனலில் கீழே ஓடுகிற எழுத்தில் தணிகாசலம் என்று பெயர் மட்டும் வந்திருக்கிறது. கவிதா அப்பாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பச்சையம்மாவின் தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டார்.

"அப்ப நீ வந்த. மணவூரு டீக்கடைக்காரருன்னு சொன்ன. அத்தினி வெவரமா சொல்றாங்களே, தெரிஞ்சவங்கதான் சொல்றாங்கன்னு நெனைச்சோம். தம்பிக்குப் போன் போட்டோம். பாதி வழில இருந்து திரும்பி வந்துட்டான்."

 கவிதா அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

"நான் இன்னா பண்ணேன் தெரியுமா? வெளக்கேத்தி, மலையப் பாத்து கற்பூரம் காட்னேன். முருகா, என் வூட்டுக்காரரு இல்ல, என்னிய காப்பாத்திட்டப்பான்னு. இன்னொருத்தி புருசன் செத்ததுக்கு கற்பூரம் காட்னேம்மா. அந்நேரம் எங்கூட்டுக்காரரு அங்க ஆஸ்பத்திரி வராண்டால, சொந்தம்னு ஒருத்தர் இல்லாம கெடக்கறாரு. மூணு மணி நேரம்."

வெளியே ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அடுத்த நாளு அந்த டீக்கடைக்காரரு மாலையோட வந்தாரு. யாருன்னு சொன்னாங்க. நான் அவரு கால்ல வுழுந்துட்டேன். அவருக்கு எதுக்குன்னு புரியல."

மன்னிப்பு என்ற சொல் தொண்டைக்கு வந்தது. அதை எத்தனையோ முறை, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று, சிரித்த முகத்தோடு திரையில் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் அந்தத் திரைக்குரல் உதவவில்லை. எப்படியோ சொன்னேன். நிருபர் சொல்லவில்லை, ஆசிரியர் சொல்லவில்லை, அந்த ஊர்ப்பெயரைச் சேர்த்தது நான்தான் என்றும் சொன்னேன்.

பச்சையம்மா அதைக் கேட்டுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பிறகு வேறொன்று கேட்டார்.

"உசுரோட கீறவர பத்தி அவ்ளோ நல்லா சொன்னியே. ரயிலாண்ட ஓடுவாரு, பால ஆத்திக் குடுப்பாருன்னு. எங்கூட்டுக்காரருக்கு ஏம்மா பேரும் வயசும் மட்டும்? அவரு ஒண்ணுமே பண்ணாதவரா?"

பதிமூன்று வருடத் தொழிலில் அதைவிடக் கடினமான கேள்வியை இன்றுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"சொல்லுங்கம்மா. அவர் எப்படிப்பட்டவர்?" என்றேன்.

கவிதாதான் முந்திக்கொண்டாள். "எங்க ஸ்டாப்புல பஸ்ஸு நிக்காதுங்க. கூட்டமா இருந்தா டிரைவருங்க வேகமா போயிடுவாங்க. நான் ஸ்கூலு படிக்கறப்போ அப்பா ரோட்டுக்கு நடுவுல போய் நிப்பாரு. நாங்க எல்லாம் ஏறுற வரைக்கும் நவுர மாட்டாரு. நான் ஸ்கூல முடிச்சப்புறமும் வுடல. தினமும் காலைல எட்டு மணிக்கு, கழனிக்குப் போற வழில, மண்வெட்டியோட அங்க நிப்பாரு. எல்லா பொண்ணுங்களும் ஏறினாத்தான் போவாரு."

"டிரைவரு திட்டுவான்" என்றார் பச்சையம்மா. முகத்தில் முதல்முறையாகச் சின்ன அசைவு. "இவரு திருப்பித் திட்ட மாட்டாரு. சும்மா நிப்பாரு."

இருபத்தைந்து நொடி

மறுநாள் ஆசிரியரிடம் கேட்டேன். முடியாது என்றார். "செத்துப்போன செய்தி செல்வி அது" என்றார். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு முறை கேட்டேன். கடைசியில் எரிச்சலாகி, இதை இத்தோடு விடச் சொன்னார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிச் செய்தியின் கடைசியில், வானிலைக்கும் வணக்கத்துக்கும் நடுவே, எதிரே இருந்த திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நேராகக் கேமராவைப் பார்த்தேன்.

"ஒரு திருத்தம். ஆந்திர எல்லையில் நடந்த வேன் விபத்தில் இறந்தவர் மணவூர் தணிகாசலம் என்று இதே நேரத்துச் செய்தியில் நான் சொன்னேன். அது தவறு. உறுதி செய்யாமல் நானாகச் சொன்னது. அவர் நலமாக இருக்கிறார். இறந்தவர் கே.ஜி.கண்டிகையைச் சேர்ந்த விவசாயி தணிகாசலம். நிற்காமல் போகும் பேருந்துகளை நாள்தோறும் வழிமறித்து, பள்ளி மாணவிகளை ஏற்றி அனுப்பியவர். இரண்டு குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

காதுக்குள் யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். முடித்துவிட்டு வணக்கம் சொன்னேன். விளக்கு அணைந்தது.

மூன்று வாரம் என்னைத் திரையில் விடவில்லை. விளக்கக் கடிதம் எழுதினேன். அதன்பின் அதிகாலை ஐந்து மணிச் செய்தி கொடுத்தார்கள். யாரும் பார்க்காத நேரம் என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். உண்மையில் பால்காரர்களும் தறிக்காரர்களும் ரயில்வேக்காரர்களும் பார்க்கிற நேரம் அது. பழைய இடத்துக்குத் திரும்ப ஒன்றரை வருடம் ஆனது. அந்த நாட்களில் வருத்தம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். விடுதி மாடியில் உட்கார்ந்து, வேறு ஒரு பெண் நான்கு மணிச் செய்தி படிப்பதைப் பக்கத்து அறை டிவியில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையே, நான் மேக்கப்பைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தபோது ஒரு போன் வந்தது. கவிதா.

"அக்கா, அம்மா பாத்தாங்க. ஊர்ல எல்லாருமே பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

அவள் தயங்கினாள். "ஒண்ணு தப்பா சொல்லிட்டீங்களாம்."

 மறுபடியுமா?

"வழிமறிச்சாருன்னு சொன்னீங்க இல்ல? அது ஏதோ கொள்ளைக்காரன் மாதிரி கீதாம். அப்பா யாரையும் மறிச்சதில்லையாம். நின்னாராம், அவ்ளோதானாம்."

திருத்தத்தை எழுதி வைத்திருந்த தாள் மேஜையில் கிடந்தது, எடுத்தேன். அந்த வார்த்தையை அடித்துவிட்டு மேலே எழுதினேன். பிறகு, ஸ்டூடியோவில் படிப்பதுபோலவே, அவசரமில்லாமல் போனில் படித்தேன்.

"கே.ஜி.கண்டிகையைச் சேர்ந்த விவசாயி தணிகாசலம். நிற்காமல் போகும் பேருந்துகளுக்கு முன்னால் நாள்தோறும் போய் நின்று, பள்ளி மாணவிகளை ஏற்றி அனுப்பியவர்."

அந்தப் பக்கம் போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு பச்சையம்மாவின் குரல்.

"ஆங். இப்ப சரி."